வடக்குச் சுவரில் நம் பங்கு

காரில் ஏறும்போதே ஆசீர்வாதத்துக்குத் தெரிந்துவிட்டது, இன்றைக்கு யாராவது ஒருவர் அழாமல் வீடு திரும்பப் போவதில்லை என்று. அந்த ஒருவர் தானாக இல்லாமல் இருந்தால் போதும் என்றுதான் மனம் நினைத்தது. அதற்காக அவரை யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். ஒரு வாரமாக மனுஷன் சரியாகத் தூங்கவில்லை.

வியாழக்கிழமை மகள் ரூத்துக்குக் கல்யாணம். இன்று திங்கள். கல்யாணம் நடக்க வேண்டிய சிப்பித்துறைக் கோயிலை நகராட்சி பூட்டி, வாசலில் குறுக்கே சிவப்பு ரிப்பனும் கட்டிவிட்டது.

என்ன நடந்தது என்பது மதுரை செல்லூரில் அவர்கள் தெருவுக்கே தெரியும். போன ஞாயிறு ஆராதனை நடந்துகொண்டிருக்கும்போது, வடக்குச் சுவரின் வெளிப்பக்கம் கதவு அகலத்துக்குப் பூச்சு பெயர்ந்து, உள்ளே இருந்த செங்கல்லையும் இழுத்துக்கொண்டு விழுந்தது. யார் மேலும் விழவில்லை, தேவனுக்கு ஸ்தோத்திரம். ஆனால் விழுந்த இடம்தான் வம்பு. பெண் வீட்டுப் பங்கும் மாப்பிள்ளை வீட்டுப் பங்கும் சேருகிற இடத்தில் விழுந்திருந்தது.

பங்கு என்றால் என்னவென்று புதிதாகப் படிப்பவர்கள் கேட்பீர்கள். ராமநாதபுரம் தாண்டி, கடலைப் பார்த்துக்கொண்டு இருக்கும் சின்ன ஊர் சிப்பித்துறை. பேரூராட்சியாக இருந்து சமீபத்தில்தான் நகராட்சி ஆனது. பலகை மாறியது, குப்பை வண்டி மாறவில்லை. ஊரில் பெரிய கட்டடம் என்றால் அந்தக் கோயில் ஒன்றுதான். டச்சுக்காரன் கட்டி, இங்கிலீஷ்காரன் கைக்குப் போய், பிறகு நம்மவர் கைக்கு வந்தது. யார் கையில் இருந்தாலும் கடல் காற்று தன் வேலையை நிறுத்தியதில்லை. உப்பு சுவரைத் தின்றுகொண்டே இருக்கும். அதனால் வருஷா வருஷம் அறுப்பின் பண்டிகைக்கு முந்தின சனிக்கிழமை சுவர் முழுக்கச் சுண்ணாம்பு அடிக்க வேண்டும்.

அதற்குக் கூலி ஆள் வைப்பதில்லை. ஜன்னலுக்கு ஜன்னல் ஒரு குடும்பத்தின் பங்கு. அந்தக் குடும்பம் சென்னையில் இருந்தாலும் சரி, துபாயில் இருந்தாலும் சரி, அந்தச் சனிக்கிழமை யாராவது ஒருவர் வந்து ஏணியில் ஏறித்தான் ஆகவேண்டும். ரூத்தும் மாப்பிள்ளை சூரியபிரகாஷும் சந்தித்ததே அப்படித்தான். பக்கத்துப் பக்கத்து ஏணி. அவன் வாளியிலிருந்து சுண்ணாம்பு இவள் துப்பட்டாவில் தெறித்தது. மற்றதெல்லாம் உங்களுக்குத் தெரிந்த கதை.

அந்தப் பங்கு உண்மையில் ஆசீர்வாதத்தின் வீட்டுப் பங்கு இல்லை. அவர் மனைவி தங்கத்தின் அப்பா ஞானமுத்து வாத்தியாருடையது. எழுமலைப் பக்கம், சொந்தமாக ஒரு சாண் நிலம் இல்லாமல் அடுத்தவர் வயலில் கூலிக்குப் போன வீட்டில் பிறந்தவர். மிஷன் பள்ளியில் படித்து, சிப்பித்துறைக்கு வாத்தியாராகப் போனார். அங்கே சபையார் அவருக்கு வடக்குச் சுவரில் ஒரு பங்கைக் கொடுத்தபோது, வீட்டுக்கு வந்து ராத்திரியெல்லாம் அழுதாராம். தங்கம் இதைச் சொல்லாத கல்யாணப் பேச்சே கிடையாது.

"ஏறுங்க மச்சான், நேரமாச்சு" என்றான் ஜெர்சன், ஸ்டியரிங்கைத் தட்டிக்கொண்டு.

ஜெர்சன் தங்கத்தின் தம்பி, ரூத்தின் தாய்மாமன். கோரிப்பாளையத்தில் பெயிண்ட் கடை வைத்திருக்கிறான். நல்லவன்தான். ஆனால் நல்லவன் என்பது தனக்கே தெரிந்துவிட்ட நல்லவன்.

ரூத் வாசல்வரை வந்து அப்பாவின் கையில் பிளாஸ்க்கைக் கொடுத்தாள். கல்யாணப் பெண் வெயிலில் அலையக் கூடாது என்று தங்கம் அவளை வீட்டிலேயே நிறுத்திவிட்டாள்.

"அப்பா, கல்யாணம் எந்தக் கட்டடத்துல நடந்தாலும் எனக்குப் பரவால்ல. மாமாவும் சூரியபிரகாஷோட அப்பாவும் ஆளுக்கொரு பக்கம் மூஞ்சியத் திருப்பிக்கிட்டு நிக்கக் கூடாது. அம்புட்டுத்தான்."

"சரிம்மா."

"நீங்க பாத்துக்குவீங்கல்ல?"

"பாத்துக்கிறேன்."

முப்பது வருஷம் பள்ளிக்கூட ஆபீஸில் கிளார்க்காக இருந்தவர் ஆசீர்வாதம். 'பாத்துக்கிறேன்' என்று சொல்லிவிட்டுப் பார்க்காமல் விட்டால் பாதிப் பிரச்சினை தானாகவே அடங்கிவிடும் என்பது அவர் சர்வீஸில் கற்றது. மீதிப் பாதிக்கு 'சரி விடு' இருக்கிறது. இந்த இரண்டையும் வைத்தே அவர் பென்ஷன்வரை வந்துவிட்டார்.

மானாமதுரை தாண்டும்வரை அக்காவும் தம்பியும் குழாயைப் பற்றியே பேசினார்கள். கூரையிலிருந்து மழைத்தண்ணீர் இறங்குகிற குழாய். இரண்டு பங்குக்கும் எல்லையில் வருகிறது. அதன் முழங்கை வளைவு உடைந்து, போன மழை முழுக்கத் தண்ணீர் சுவரிலேயே ஊற்றியது. அதை மாற்றித் தருவதாகக் கமிட்டியில் ஒப்புக்கொண்டவர் மாப்பிள்ளையின் அப்பா ஜெயபாண்டி. வலைக்கடை வைத்திருக்கிறார், சபைக் கமிட்டியிலும் இருக்கிறார்.

"எம்புட்டு நாளாச்சு அந்தக் கொழாய் ஒடஞ்சு?" என்றாள் தங்கம். "கமிட்டில இருக்க மனுஷனுக்கு ஒரு கொழாய மாத்த முடியலயா?"

"மாத்த முடியாம இல்லக்கா. எளக்காரம். மதுரையில இருக்கவய்ங்க பங்குதானே, போனாப் போகுதுன்னு விட்டிருக்காரு. அப்பா பேருல நான் பாத்துப் பாத்து செஞ்ச வேலை. ஒரே மழையில போச்சு."

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஜெர்சன்தான் அந்த ஏற்பாட்டைச் செய்தான். வருஷா வருஷம் வேன் பிடித்துப் போய், சுண்ணாம்பில் கை வெந்து, இது என்ன பிழைப்பு என்று சொல்லி, பழைய பூச்சைக் கொத்திவிட்டு, சிமெண்டு பூசி, தன் கடையிலேயே உசத்தி ரகமான வெளிச்சுவர் பெயிண்டை மூன்று கோட் அடித்தான். பத்து வருஷ கியாரண்டி. பக்கத்தில் கிரானைட் கல்லில் 'ஞானமுத்து ஆசிரியர் நினைவாக, மகன் ஜெர்சன்' என்று பொறித்தும் வைத்தான். சபையே பாராட்டியது. ஆசீர்வாதம் எல்லாரையும்விடச் சந்தோஷப்பட்டார். இடுப்பு வலியோடு ஏணி ஏறுகிற வேலை போயிற்றே.

"மச்சான், இன்னைக்கு நீங்க ஒண்ணும் பேச வேணாம். நான் பேசிக்கிறேன்."

"சரி மாப்ள" என்றார் ஆசீர்வாதம். அவர் மறுத்துச் சொன்ன நாள் எது என்று யோசித்துப் பார்த்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டார்.

சிப்பித்துறைக்குள் நுழையும்போது வெயில் ஏறிவிட்டது. கோயில் வாசலில் போதகரும், ஜெயபாண்டி குடும்பமும் காத்திருந்தார்கள். ஜெயபாண்டி வெள்ளை வேட்டி சட்டையில், சாவு வீட்டுக்கு வந்தவர் மாதிரி ஓரமாக நின்றார். சூரியபிரகாஷ் வந்து மாமனார் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டான். ஜெர்சன் அவர்களைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தான். பேச்சுவார்த்தை எல்லாம் சபை மண்டபத்தில் வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லி, போதகர் எல்லாரையும் முதலில் டீ குடிக்க அழைத்துப் போனார்.

ஆசீர்வாதம் மட்டும் பின்தங்கினார். கால் வலிக்கிறது என்று காரணம் சொல்லிக்கொண்டார். உண்மையில் இன்னும் கொஞ்ச நேரம் யாருடைய சத்தத்தையும் கேட்காமல் இருக்க வேண்டும் போலிருந்தது.

வடக்குப் பக்கம் நகராட்சியின் உதவிப் பொறியாளர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பவதாரிணி என்று பெயர். சின்ன வயசு. தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, கையில் ஒரு ஸ்க்ரூ டிரைவரை வைத்துச் செங்கல்லைக் குத்திக் குத்திப் பார்த்தாள். ஜெயபாண்டி பங்கில் குத்தினால் இறங்கவில்லை. ஒரு சாண் தள்ளி, ஞானமுத்து வாத்தியார் பங்கில் குத்தியபோது பிடிவரை இறங்கியது. இழுத்ததும் சிவப்புப் பொடி கொட்டியது.

"என்னம்மா, எல்லாம் ஒரே செங்கல்தானே?" என்றார் ஆசீர்வாதம்.

"ஒரே செங்கல்தான் சார். அந்தப் பக்கம் சுண்ணாம்பு, இந்தப் பக்கம் சிமெண்டு. அதான் வித்தியாசம்."

"கொழாய் ஒடஞ்சு தண்ணி ஊத்துனதாலன்னு சொன்னாங்க…"

"தண்ணி ரெண்டு பக்கமுந்தான் ஊத்திருக்கு. அந்தப் பக்கம் குடிச்ச தண்ணி காத்துலயே காஞ்சு வெளிய போயிருச்சு. இந்தப் பக்கம் சிமெண்டப் பூசி, அதுக்கு மேல தண்ணி எறங்காத பெயிண்டையும் அடிச்சு மூடிட்டாங்க. மேல வெடிப்பு வழியா எறங்குன தண்ணியும் அடியில இருந்து ஏறுன தண்ணியும் வெளிய வர வழியில்லாம உள்ளயே நின்னு, உப்பு பூத்து, செங்கல் மாவாப் போச்சு. கொழாய் ஒடையாட்டியும் இது விழத்தான் செஞ்சிருக்கும். இன்னும் ரெண்டு வருஷம் கழிச்சு விழுந்திருக்கும், அம்புட்டுத்தான்."

பாதிப் பெயிண்டு இன்னும் சுவரில் பளபளவென்று ஒட்டிக்கொண்டிருந்தது. தட்டினால் உள்ளே வெற்றிடம் இருக்கிற சத்தம் கேட்டது.

"வியாழக்கிழமைக்குள்ள தெறக்க…"

"வாய்ப்பே இல்ல சார். முட்டுக் குடுத்து, சிமெண்டு முழுசையும் கொத்தி எடுத்துட்டு, சுவரக் காயவிடணும். மாசக்கணக்காகும்." அவள் கையிலிருந்த பொடியைத் தட்டினாள். "இந்தப் பங்கு யாருது சார்?"

எங்களுடையது என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்? ஒரு மூச்சு. ஆசீர்வாதம் கிரானைட் பக்கம் கையைக் காட்டி, "கல்லுல எழுதிருக்கும்மா" என்றார்.

சொல்லி முடித்ததும் அவருக்கே என்னவோ போல் இருந்தது. ஆனாலும் அடுத்த கேள்வியையும் கேட்டார். "இத இப்பவே எல்லாருக்கும் சொல்லப் போறீங்களா?"

"நான் கமிஷனருக்கு ரிப்போர்ட்டுக் குடுப்பேன். அது சபைக்கு வந்து சேர எப்படியும் அடுத்த வாரமாகும். யாராவது கேட்டா சொல்லுவேன். நானாப் போயி பஞ்சாயத்து வைக்க மாட்டேன் சார், எனக்கு வேற நாலு எடம் போகணும்."

அடுத்த வாரம். அதற்குள் கல்யாணம் முடிந்திருக்கும். ஆசீர்வாதம் மண்டபத்தை நோக்கி நடந்தார். நடக்க நடக்கக் கணக்கு அவர் மனதில் தானாகவே சரியாகிக்கொண்டு வந்தது. ஜெர்சனிடம் இதைச் சொன்னால் தாங்க மாட்டான், எழுந்து போய்விடுவான். தாய்மாமன் இல்லாமல் கல்யாணமா? ரூத் என்ன கேட்டாள்? மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு நிற்கக் கூடாது என்றுதானே? குழாய் உடைந்ததும் பொய் இல்லையே. வியாழக்கிழமை முடியட்டும், பிறகு ரிப்போர்ட்டே எல்லாவற்றையும் பேசிக்கொள்ளும். சரி விடு.

மண்டபத்தில் மின்விசிறி கரகரத்துக்கொண்டிருந்தது. போதகர் சின்னதாக ஒரு ஜெபம் செய்தார். கல்யாணத்தைப் பள்ளிக்கூட ஹாலில் வைத்துக்கொள்ளலாம், பீடத்துக்கு வேண்டியதையெல்லாம் அங்கே கொண்டுபோய் வைத்துவிடலாம் என்றார். மாப்பிள்ளை வீட்டில் சரியென்றார்கள். தங்கம் கடைசியாக, ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

"ஹால்ல வைக்கிறது சரிதாங்கய்யா" என்றான் ஜெர்சன். "ஆனா ஒண்ணு. ஊரு முழுக்கப் பத்திரிகை குடுத்துட்டு, கோயில் இல்லாம பள்ளிக்கூடத்துல கல்யாணம் பண்றோம். ஏன்னு கேக்குறவங்களுக்கு நாங்க என்ன சொல்றது? ஞானமுத்து வாத்தியார் பங்கு விழுந்துருச்சுன்னா? எங்கப்பா பேரு அங்க கல்லுல இருக்கு. தப்பு யாருதுன்னு இங்க வச்சுத் தெரிஞ்சாகணும். அது தெரியாம நான் தாய்மாமன்னு வந்து நின்னு மாலை எடுத்துக் குடுக்க மாட்டேன்."

தங்கம் கணவரைப் பார்த்தாள். தம்பிக்குப் பரிந்து ஒரு வார்த்தை பேசச் சொல்கிறாள் என்று நினைத்து ஆசீர்வாதம் பார்வையை மின்விசிறிப் பக்கம் கொண்டுபோனார்.

"அப்பா, கொழாய்னால மட்டும்…" என்று ஆரம்பித்த சூரியபிரகாஷின் தோளில் ஜெயபாண்டி கை வைத்தார். "நீ இரு" என்றார்.

தங்கம் மறுபடியும் ஆசீர்வாதத்தைப் பார்த்தாள். இந்த முறை கொஞ்சம் அதிக நேரம்.

ஜெயபாண்டி நாற்காலியை விட்டு எழுந்தார். எழுபதை நெருங்கும் மனிதர். ஜெர்சனுக்கு அப்பா வயசு. வேட்டி நுனியைச் சரிசெய்துகொண்டு ஜெர்சன் முன்னால் வந்து நின்றார்.

"தம்பி, கொழாய மாத்துறேன்னு நாந்தான் கமிட்டில சொன்னேன். இன்னைக்கு நாளைக்குன்னு விட்டுட்டேன். தப்பு எங்களுதுதான். பிள்ளைங்க கல்யாணம் நல்லபடியா நடக்கணும். பெரிய மனசு பண்ணி…"

அவர் இரண்டு கையையும் கூப்பினார்.

ஆசீர்வாதம் பேசிவிடலாம் என்று வாயைத் திறக்கவும் செய்தார். மேலே முட்டிக்கொண்டு வந்த வார்த்தை என்ன காரணத்தாலோ பல்லுக்குப் பின்னாலேயே தங்கிவிட்டது. இன்னும் ஒரு நிமிஷம், இது முடிந்துவிடும், எல்லாரும் சாப்பிடப் போய்விடுவோம் என்று நினைத்தார். இப்படித்தான் நினைத்தார், மறைத்து என்ன ஆகப்போகிறது.

"கையக் கீழ போடுங்க சம்பந்தி" என்றாள் தங்கம்.

உரக்கச் சொல்லவில்லை. ஆனால் மண்டபத்தில் எல்லாருக்கும் கேட்டது.

"அக்கா, நீ சும்மா இரு, அவரே ஒத்துக்கிட்டாரு" என்றான் ஜெர்சன்.

"அவரு ஒத்துக்கிட்டா உண்மையாயிருமா? விழுந்தது நம்ம பங்குடா. நம்ம பூசுன சிமெண்டு. சுண்ணாம்பு அடிச்ச இடமெல்லாம் அப்படியே நிக்குது. நீ பெயிண்டு அடிச்சு மூடுன இடந்தான் உள்ளுக்குள்ள மக்கிப் போச்சு. வெளிய அந்த இஞ்சினியர் பொண்ணு நிக்கிறா, போயிக் கேளு."

ஜெர்சன் போகவில்லை. கேட்கவும் இல்லை. பெயிண்ட் கடைக்காரன், சொன்ன மாத்திரத்தில் அவனுக்குப் புரிந்திருக்கும். முகத்திலிருந்த ரத்தம் முழுக்க இறங்கிவிட்டது.

"கெடுக்கணும்னா செஞ்சேன்?" என்றான். குரல் உடைந்துவிட்டது. "அப்பா பேரு நிக்கணும்னு செஞ்சேன்க்கா."

"தெரியும்டா. நல்லதுக்குத்தான் செஞ்ச. அதச் சொல்லிட்டு அவருகிட்ட ஒரு வார்த்தை கேளு, போதும்."

"எல்லாரு முன்னாடியும் வச்சு என்ன இப்படிச் சொல்லிட்ட. அப்பாவச் சொல்லிட்ட."

அவன் மேஜை மேலிருந்த கார் சாவியை எடுத்தான். ஜெயபாண்டியே, "தம்பி, தம்பி, உக்காருங்க" என்று பின்னால் போனார். கார் கிளம்பிய சத்தம் கேட்டது. போதகர் என்ன செய்வதென்று தெரியாமல் இன்னொரு ஜெபத்துக்குக் கண்ணை மூடினார்.

சாப்பாட்டில் யாருக்கும் மனம் இல்லை. சூரியபிரகாஷ் கொண்டுவந்து விடுகிறேன் என்றான். வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் தங்கம் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தாள். கிளம்பும்போது ஜெயபாண்டியின் மனைவி அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ராமநாதபுரத்தில் இறங்கி மதுரை பஸ் பிடித்தார்கள். தங்கம் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். ஆசீர்வாதம் பக்கத்தில் உட்கார்ந்து, ஜெர்சனுக்குப் போன் போட்டார். ஸ்விட்ச் ஆஃப்.

"ஆஃப் பண்ணி வச்சிருக்கான்" என்றார்.



பரமக்குடி தாண்டியதும் கருவேலங்காடுகளின் மேல் வெயில் சாய்ந்தது. பஸ்ஸில் பாதிப் பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள். ஆசீர்வாதத்துக்கும் உடம்பு தூக்கத்துக்குக் கெஞ்சியது. ஆனால் பக்கத்தில் இருக்கிற மனைவி அழாமல் இருப்பது அவரைத் தூங்க விடவில்லை. அழுதால் ஆறுதல் சொல்லியிருப்பார். அது அவருக்கு நன்றாக வரும்.

"நீ கொஞ்சம் பொறுத்திருக்கலாம் தங்கம்" என்றார் மெதுவாக. "கல்யாணம் முடியட்டும்னு…"

"எங்கப்பாவோட அப்பா, பண்ணையாரு வீட்டு வாசல்ல கையக் கட்டிக்கிட்டு நின்னவரு" என்றாள் தங்கம், ஜன்னலைப் பார்த்தபடியே. "தான் யாரு முன்னாடியும் அப்படி நிக்கக் கூடாதுன்னுதான் எங்கப்பா படிச்சாரு. அவரு பேரச் சொல்லி இன்னொரு பெரிய மனுஷன நிக்க வைக்கிறதா? என் தம்பி கோவிச்சுக்கிட்டாலும் போறான். அவன் வருவான், இல்ல வராமப் போவான். அது எனக்கும் அவனுக்கும் உள்ளது."

"நீ செஞ்சது சரிதான். நான் தப்புன்னு சொல்லல."

"அந்த இஞ்சினியர் பொண்ணு கொழாயடியில கையக் கழுவிக்கிட்டு இருந்தா. நான்தான் போயிக் கேட்டேன், என்னம்மா ஆச்சுன்னு. எல்லாத்தையும் சொன்னா." தங்கம் இப்போதுதான் அவர் பக்கம் திரும்பினாள். "கடைசியா, 'உங்க வீட்டு சார்கிட்ட அப்பவே சொல்லிட்டேனேம்மா'ன்னா."

பஸ் ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கியது. ஆசீர்வாதம் முன் சீட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"அப்பறமும் நான் வாயத் தெறக்கல. நீங்க சொல்லுவீங்கன்னு பாத்துக்கிட்டே இருந்தேன். நாங்க அக்கா தம்பி, எங்க ரத்தம், எங்களுக்குக் கண்ணு மறைக்கும். நீங்க வெளிய இருந்து பாக்குறவரு, நியாயமாப் பேசுவீங்கன்னு நெனச்சேன். அந்த மனுஷன் எந்திரிச்சாரு, அப்பவும் பாத்தேன். கையத் தூக்குனாரு, அப்பவும் பாத்தேன். நீங்க காத்தாடியப் பாத்துக்கிட்டு இருந்தீங்க."

"ரூத்துக்காகத்தான் தங்கம். சண்டை வேணாம்னு அவதான்…"

"அவ பேர இதுல இழுக்காதீங்க."

ஆசீர்வாதத்துக்குக் களைப்பாக இருக்கிறது என்று சொல்லத் தோன்றியது. அது உண்மையும்கூட. இடுப்பு வலி, ஒரு வாரத் தூக்கமின்மை, கல்யாண அலைச்சல், எல்லாம் உண்மை. ஆனால் அந்தக் கிழவர் கையைக் கூப்பி நின்ற நேரத்தில் தன்னைத் தடுத்தது களைப்பு இல்லை என்பது அவருக்கு இப்போது நன்றாகத் தெரிந்தது. முப்பது வருஷமாகக் களைப்பு என்று அவர் பெயர் வைத்திருந்தது வெறும் பயம். அந்த நினைப்பு வந்ததும் அவருக்கு அழுகை வந்தது. பஸ்ஸில் நாலு பேர் பார்ப்பார்களே என்று அடக்கிக்கொண்டார்.

மானாமதுரையில் பஸ் நின்றபோது போன் அடித்தது. ரூத்.

"அப்பா, எங்க இருக்கீங்க? மாமா இங்க வந்து உக்காந்திருக்காரு. தண்ணிகூட வேணாங்கிறாரு. என்னாச்சுன்னு கேட்டா, 'உங்கம்மாகூட எனக்குப் பேச்சில்ல, உங்கப்பன் வரட்டும், அவருகிட்டக் கேளு'ங்கிறாரு. அங்க என்னப்பா நடந்துச்சு?"

ஆசீர்வாதம் போனைத் தங்கத்திடம் நீட்டினார். அவள் வாங்கவில்லை. அவர் கையைப் பிடித்து, போனை அவர் காதுக்கே திருப்பி வைத்தாள்.

"நீங்களே சொல்லுங்க" என்றாள். "நான் பேசுனதையும் சொல்லுங்க. நீங்க பேசாம இருந்ததையும் சொல்லுங்க."

"அப்பா?" என்றாள் ரூத். "லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேம்மா" என்றார் ஆசீர்வாதம். பஸ் கிளம்பியது. "போன ஸ்பீக்கர்ல போடு. மாமாவும் கேக்கட்டும்."